டோர்பெல்: ஒரு மலைக்கிராமமும் அதன் மாட்டுக்கணக்கும்

பொதுச் சொத்து பற்றிப் பாடம் எடுக்கும் பொருளாதார வகுப்புகள் பலவற்றில் ஒரு சின்ன ஊரின் பெயர் அடிபடும். டோர்பெல். ஸ்விட்சர்லாந்தில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் ஐந்நூறு. உள்ளூர்க்காரர்கள் தங்கள் பேச்சு வழக்கில் "டெர்பில்" என்பார்கள். அங்கே பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை, பெரிய மனிதர் யாரும் பிறந்து ஊருக்குப் பெயர் வாங்கித் தரவில்லை. மாடு மேய்க்க ஒரு விதி போட்டார்கள், அதைப் பல நூறு வருடம் விடாமல் கடைப்பிடித்தார்கள். அவ்வளவுதான். அந்த ஒரு விதிக்காகத்தான் இந்த ஊரை இன்றைக்கும் புத்தகங்களில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

எழுதுபவர்களில் பலர் பாதிக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் குறை. மீதிப் பாதி அவ்வளவு இனிப்பானதல்ல. ஆனால் அதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த விதி எப்படி வேலை செய்தது என்பதே புரியும்.

முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஸ்விட்சர்லாந்தின் தெற்கே, இத்தாலியை ஒட்டி இருக்கும் மாநிலம் வாலிஸ். பிரெஞ்சு பேசுபவர்கள் வாலே என்பார்கள். மேற்குப் பாதியில் பிரெஞ்சு, கிழக்குப் பாதியில் ஜெர்மன். டோர்பெல் இருப்பது ஜெர்மன் பக்கம். மாநிலத்தின் நடுவே ரோன் ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றில் ஃபிஸ்ப் என்னும் ஊரருகே தெற்கிலிருந்து ஃபிஸ்பா என்ற கிளையாறு வந்து கலக்கிறது. அதன் கரையோடு மேலே போனால் ஸ்டால்டன். அங்கே பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரியும். ஒரு கை செர்மாட்டுக்கும் மாட்டர்ஹார்ன் சிகரத்துக்கும் போகிறது, இன்னொரு கை சாஸ் பக்கம் போகிறது. சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் ரயிலில் உட்கார்ந்து நேரே செர்மாட் போய்விடுவார்கள். ஸ்டால்டனில் இறங்கி மஞ்சள் நிறத் தபால் பஸ் பிடித்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் டோர்பெல் வந்துவிடும்.

ஊர் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சமதளம் என்று சொல்ல அங்கே அதிகம் கிடையாது. வெயிலில் கறுத்துப்போன லார்ச் மரவீடுகள் நெருக்கி நெருக்கி நிற்கும். தானியம் வைக்கும் களஞ்சியங்களைக் குட்டையான மரக்கால்கள் மேல் தூக்கி வைத்து, ஒவ்வொரு காலுக்கும் மேலே வட்டமான தட்டைக்கல் ஒன்றைச் சொருகியிருப்பார்கள். எலி ஏறி வந்தாலும் கல்லின் அடியில் தலைகீழாகத் தொங்கி நகர முடியாதல்லவா? பூனையைவிட நம்பகமான ஏற்பாடு.

ஊருக்குச் சொந்தமான நிலம் ஆற்றங்கரைப் பக்கத்தில் தொடங்கி மேலே பாறையும் பனியும் வரைக்கும் நீள்கிறது. இதுதான் இந்த ஊரின் பூகோளத்தில் முக்கியமான விஷயம். ஆயிரம் மீட்டருக்குக் கீழே திராட்சைத் தோட்டங்கள். ஊரைச் சுற்றி ரை தானிய வயல்களும் காய்கறித் தோட்டங்களும் புல்வெளிகளும். அதற்கு மேலே காடு. காட்டுக்கும் மேலே, சுமார் 2,000 மீட்டரிலிருந்து, கோடையில் மட்டும் பச்சையாகும் மேய்ச்சல் நிலம். மூஸ்ஆல்ப் என்று பெயர். ஆல்ப்ஸ் மலை என்கிறோமே, அந்த ஆல்ப் என்ற சொல் உள்ளூர்க்காரர்களுக்குச் சிகரத்தைக் குறிப்பதல்ல, இந்த மேய்ச்சல் நிலத்தைத்தான் குறிக்கும். அதற்கும் மேலே கிட்டத்தட்ட 3,000 மீட்டர் உயரமுள்ள ஆக்ஸ்ட்போர்ட்ஹார்ன். ஒரு குடும்பம் பிழைக்க வேண்டும் என்றால் இந்த அடுக்குகள் ஒவ்வொன்றிலும் அதற்கு ஒரு துண்டு தேவை. வருடம் முழுவதும் மேலும் கீழும் நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

பனிமலை என்பதால் தண்ணீருக்குப் பஞ்சமிருக்காது என்று நினைப்போம். நேர்மாறு. இரண்டு பக்கமும் உயர்ந்த மலைகள் மேகத்தை மறித்துவிடுவதால், ஸ்விட்சர்லாந்திலேயே மிகக் குறைவாக மழை பெய்யும் இடங்களில் ஸ்டால்டன் சுற்றுவட்டாரமும் ஒன்று. அதனால் மேலே பனி உருகி வரும் ஓடைகளிலிருந்து கால்வாய் வெட்டி, மலைச்சரிவைக் குறுக்காகச் சுற்றிக்கொண்டு வந்து, புல்வெளிக்கே தண்ணீர் பாய்ச்சினார்கள். வாலிஸில் இந்தக் கால்வாய்களுக்கு "சூவோன்" என்று பெயர். சில இடங்களில் செங்குத்தான பாறையில் மரத்தொட்டிகளைத் தொங்கவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு குடும்பம் மட்டும் செய்கிற வேலையா இது? கால்வாய் வெட்ட ஊர் சேர வேண்டும், பிறகு தண்ணீரைப் பங்கு போடவும் ஊர் சேர வேண்டும். டோர்பெல்காரர்கள் ஒற்றுமையாக இருந்ததற்கு நல்ல குணம் காரணம் என்று சொல்வதைவிட, வேறு வழியில்லை என்று சொல்வது உண்மைக்குக் கொஞ்சம் பக்கமாக இருக்கும்.

இப்போது வரலாறு. டோர்பெலில் நிலம் யாருடையது, யார் கைக்கு மாறியது என்று சொல்லும் பத்திரங்கள் 1224 முதல் கிடைக்கின்றன. அன்றைக்கு வாலிஸ், ஸ்விட்சர்லாந்தின் பகுதி கிடையாது. சியோன் நகரத்து ஆயர் ஒருபக்கம், சாவாய் பிரபுக்கள் ஒருபக்கம், நடுவே மலைநாட்டுச் சமூகங்கள் என்று இழுபறி நடந்துகொண்டிருந்தது. 1388 டிசம்பரில் ஃபிஸ்ப் ஊரில் வைத்து மலைநாட்டுக்காரர்கள் சாவாய் தரப்புப் படையைத் தோற்கடித்தார்கள். அதன் பிறகு வாலிஸ் ஒரு தனிக் குடியரசு போலத்தான் இருந்தது. 1810-இல் நெப்போலியன் அதைப் பிடுங்கிப் பிரான்சோடு சேர்த்தார். அவர் விழுந்த பிறகு, 1815-இல்தான் வாலிஸ் ஸ்விஸ் கூட்டமைப்பில் சேர்ந்தது. ஆக, "ஸ்விஸ் மக்களின் ஒழுங்கு" என்று டோர்பெலைப் புகழ்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஒழுங்கு வந்து முன்னூறு வருடம் கழித்துத்தான் ஊரே ஸ்விஸ் ஆனது.

அந்த ஒழுங்கு எழுத்தில் வந்தது 1483 பிப்ரவரி 1 அன்று. ஊர்க்காரர்கள் கூடி ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்கள். மேய்ச்சல் நிலம், காடு, புறம்போக்கு ஆகியவற்றை இனி ஒரு சங்கமாகச் சேர்ந்து ஒழுங்குபடுத்துவது என்று முடிவு. அதில் ஒரு முக்கியமான பிரிவு: வெளியூர்க்காரன் டோர்பெலில் நிலம் வாங்கினாலும் சரி, குடியேறினாலும் சரி, பொது மேய்ச்சலிலும் பொதுக்காட்டிலும் அவனுக்கு எந்த உரிமையும் வராது.

பிறகு 1517-இல் வந்தது அந்தப் பிரபலமான விதி. குளிர்காலத்தில் எத்தனை மாட்டுக்கு ஒருவனால் தீனி போட முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் அவன் கோடையில் மலைக்கு அனுப்பலாம். ஒன்றுகூட அதிகம் கூடாது.

கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது இல்லையா? கொஞ்சம் யோசித்துப் பார்த்தால்தான் இதன் கெட்டிக்காரத்தனம் தெரியும். மலையில் எவ்வளவு புல் இருக்கிறது, எத்தனை மாட்டைத் தாங்கும் என்று கணக்குப் போடுவது லேசான காரியமல்ல. வருடத்துக்கு வருடம் மாறும். அந்தக் கணக்கை வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு பிரித்தால் முடிவில்லாத சண்டை. ஆனால் ஒருவன் வீட்டுப் பரணில் எவ்வளவு காய்ந்த புல் இருக்கிறது, அவன் தொழுவத்தில் குளிர்காலம் முழுக்க எத்தனை மாடு நின்றது என்பது பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியும். நெருக்கியடித்து வாழும் ஊரில் இதை மறைக்கவே முடியாது. மே மாதம் கீழே சந்தையில் பத்து மாடு வாங்கி, ஊர்ப் புல்லில் கொழுக்க வைத்து, செப்டம்பரில் விற்று லாபம் பார்க்கிற வேலைக்கு இந்த ஒரு வரி பூட்டுப் போட்டுவிட்டது. மலைப்புல்லை அளக்காமலே அதற்கு ஓர் உச்சவரம்பு வந்துவிட்டது.

விதி மட்டும் இருந்தால் போதுமா? மீறினால் பிடிக்க ஆள் வேண்டுமே. அதற்கு ஊர் நியமித்த அதிகாரி ஒருவர் இருந்தார். அதிக மாடு அனுப்பியவனுக்கு அவர் அபராதம் போடலாம், அந்த அபராதத்தில் பாதியை அவரே வைத்துக்கொள்ளலாம்! இன்றைக்கு ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரருக்கு இப்படி ஒரு ஏற்பாடு செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டோர்பெலில் இது ஓடியது. போலீஸ்காரரும் பிடிபட்டவரும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரே கோவிலில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார வேண்டியவர்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அநியாயமாக அபராதம் போட்டுவிட்டு அந்த ஊரிலேயே காலம் தள்ள முடியாது.

மாடுகள் மலைக்குப் போன உடனே எண்ணிவிடுவார்கள். கோடை முழுக்க ஊர் மாடுகளைச் சில மேய்ப்பர்கள் மட்டும் பார்த்துக்கொண்டு, மலையிலேயே சீஸ் செய்வார்கள். இலையுதிர்காலத்தில் அனுப்பிய மாட்டுக்கணக்குப்படி சீஸ் பங்கு. மேய்ச்சல் பாதையைச் சீர்செய்வது, பனிச்சரிவில் இடிந்த பட்டியையும் குடிசையையும் திரும்பக் கட்டுவது, சாணத்தை நிலத்தில் பரப்புவது எல்லாவற்றுக்கும் மாட்டுக்கணக்குப்படியே வேலையோ பணமோ தர வேண்டும். விறகுக்கும் ஒரு முறை உண்டு. வெட்டலாம் என்று குறி போட்ட மரங்களை உரிமையுள்ள குடும்பங்கள் குழுக்களாகச் சேர்ந்து வெட்டி, இழுத்து வந்து, சம அடுக்குகளாகக் குவிக்கும். எந்த அடுக்கு யாருக்கு என்பது கடைசியில் குலுக்கல். எது தனக்கு வரும் என்று தெரியாதபோது அடுக்குகளைச் சமமாக அடுக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இதையெல்லாம் உலகுக்குச் சொன்னவர் ராபர்ட் நெட்டிங் என்ற அமெரிக்க மானுடவியலாளர். முதலில் நைஜீரியாவின் மலை விவசாயிகளான கோஃப்யார் மக்களை ஆராய்ந்தவர். 1970-களில் டோர்பெலுக்கு வந்து, ஊர்ப் பத்திரங்களையும் பங்குக் கோவிலின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளையும் தோண்டி எடுத்தார். 1976-இல் ஒரு கட்டுரை, 1981-இல் முழுப் புத்தகம்.

அவர் எழுதியது சூடு பிடித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 1968 டிசம்பரில் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் "சயன்ஸ்" இதழில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். எல்லோருக்கும் திறந்த மேய்ச்சல் நிலம் ஒன்றை மனதில் கற்பனை செய்துகொள்ளச் சொன்னார். ஒவ்வொருவனும் இன்னொரு மாடு, இன்னொரு மாடு என்று சேர்த்துக்கொண்டே போவான், லாபம் அவனுக்கு, நஷ்டம் எல்லோருக்கும், கடைசியில் புல் அழியும். ஆகவே பொதுநிலத்தைத் தனியாருக்குக் கொடு, இல்லையென்றால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளட்டும் என்று அந்தக் கட்டுரையைப் படித்த பலரும் முடிவு கட்டினார்கள். பல நாடுகளில் கொள்கை வகுப்பவர்கள் கையில் அது வேதவாக்கு ஆனது. அந்தக் கட்டுரையின் உண்மையான கவலை மேய்ச்சல் அல்ல, மக்கள்தொகைப் பெருக்கம் என்பது பலருக்கு மறந்தே போயிற்று.

ஹார்டினின் மேய்ச்சல் நிலம் கற்பனை. டோர்பெல் நிஜம். நிஜத்தில் மாடு மேய்ப்பவர்களுக்கு வாய் இருக்கிறது, அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவார்கள் என்பதை ஹார்டின் கணக்கில் எடுக்கவில்லை. எலினோர் ஆஸ்ட்ரோம் 1990-இல் எழுதிய புத்தகத்தில் டோர்பெலை, ஜப்பானிய மலைக்கிராமங்கள், ஸ்பெயினின் வாலென்சியா பாசனச் சமூகங்கள், பிலிப்பைன்ஸின் பாசனக் குழுக்கள் ஆகியவற்றோடு சேர்த்து வைத்து, பொதுச் சொத்தைப் பயன்படுத்துபவர்களே அதை நீண்டகாலம் காப்பாற்ற முடியும் என்று காட்டினார். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர்தான். ஹார்டினும் 1994-இல் எழுதியபோது, தான் சொன்னது நிர்வாகம் இல்லாத பொதுநிலத்துக்கு என்று தலைப்பிலேயே திருத்திக்கொண்டார். இருபத்தாறு வருடம் கழித்து ஒரு பெயரடை.

இதுவரைக்கும் உள்ளதுதான் எல்லோரும் சொல்லும் கதை. நல்ல கதைதான். ஆனால் "பாருங்கள், சமத்துவமான கிராமம், பகிர்ந்து வாழ்ந்த மக்கள்" என்று அடுத்து ஒரு வரி எழுதுகிறார்களே, அங்கேதான் இடறுகிறது.

1517 விதியை இன்னொரு முறை படிக்க வேண்டும். குளிர்காலத்தில் தீனி போட முடிந்த அளவுக்கு மாடு. குளிர்காலத் தீனி எங்கிருந்து வரும்? சொந்தப் புல்வெளியிலிருந்து. அந்தப் புல்வெளி தனிச்சொத்து. நிறையப் புல்வெளி உள்ளவனுக்கு நிறைய மாடு, அதனால் பொதுமலையிலும் நிறையப் புல், நிறையச் சீஸ். ஒரே ஒரு துண்டு நிலம் வைத்திருப்பவனுக்கு ஒரு மாடு. நிலமே இல்லாதவனுக்கு மலை இருந்தும் இல்லை. அந்த விதி புல்லைக் காப்பாற்றியது, சமத்துவத்தைக் கொண்டுவரவில்லை. கொண்டுவர வேண்டும் என்று அந்த மக்கள் நினைத்ததாகவும் தெரியவில்லை. விதி நிலைத்ததற்கு இதுவே ஒரு காரணமாகக்கூட இருக்கலாம். ஊரில் செல்வாக்குள்ளவனுக்கு இந்த விதியால் நஷ்டமில்லை, அவன் ஏன் எதிர்க்கப்போகிறான்? தலைக்கு இரண்டு மாடு என்று சமமாகப் பிரித்திருந்தால் எத்தனை வருடம் தாங்கியிருக்குமோ.

பணக்காரன் மேலும் மேலும் பெருக்காமல் தடுத்தது வேறொரு வழக்கம். டோர்பெலில் சொத்து மூத்த மகனுக்கு மட்டும் போவதில்லை. ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு. அதனால் ஒவ்வொரு தலைமுறையிலும் நிலம் துண்டு துண்டாக உடையும். வீட்டிலும் மாடி ஒருவருக்கு, கீழ்த்தளம் ஒருவருக்கு. தொழுவத்தில்கூடப் பங்கு. பிறகு கல்யாணத்தில் இரண்டு பக்கத்துத் துண்டுகளும் சேரும். இந்தக் கணக்கையெல்லாம் நினைவில் வைத்திருக்கவே தனித் திறமை வேண்டும். திட்டமிடும் அதிகாரிகளுக்கு இப்படிச் சிதறிய நிலத்தைக் கண்டால் ஆகாது. ஆனால் பல உயரங்களில் சிதறிக் கிடந்ததால்தான் ஓரிடத்தில் உறைபனி அடித்தாலும் இன்னோரிடத்தில் ஏதாவது தேறியது.

நெட்டிங் சொன்னதில் மிக உருப்படியான விஷயம் இதிலிருந்துதான் வருகிறது. அதே மக்கள், அதே காலத்தில், தனிச்சொத்தும் வைத்திருந்தார்கள், பொதுச்சொத்தும் வைத்திருந்தார்கள். திராட்சைத் தோட்டம், வயல், வீட்டருகே உள்ள புல்வெளி எல்லாம் தனியாருடையது. சின்ன இடம், நிறைய உழைப்பு, நம்பகமான விளைச்சல். மேய்ச்சல் மலையும் காடும் பொது. பெரிய பரப்பு, ஏக்கருக்குக் கொஞ்சம் விளைச்சல், எந்தப் பக்கம் எப்போது புல் நன்றாக வரும் என்று உறுதியில்லை, வேலி போடக் கட்டுப்படியாகாது. பொதுவுடைமையா தனியுடைமையா என்று தத்துவச் சண்டை போடாமல், நிலத்தைப் பார்த்து முடிவெடுத்திருக்கிறார்கள். டோர்பெலைத் தன் கட்சிக்கு இழுக்கும் இரண்டு தரப்பும் இந்த இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிப் போய்விடுகின்றன.

அடுத்தது, வெளியூர்க்காரன் பிரிவு. 1483-இல் போட்ட அந்த வேலி இல்லாமல் 1517 விதி நின்றிருக்காது. யார் உள்ளே, யார் வெளியே என்று தெரியாவிட்டால் யாருடைய மாட்டை எண்ணுவது? ஆஸ்ட்ரோமும் தன் கோட்பாட்டில் எல்லைகள் தெளிவாக இருக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் வைக்கிறார். புத்தகத்தில் அது ஒரு நிபந்தனை. ஊரில் அது என்ன பொருள் தந்தது என்றால், அங்கேயே வீடு வாங்கி, வரி கட்டி, அங்கேயே செத்தாலும் நீ ஊர்க்காரன் இல்லை. ஊருரிமை தகப்பன் வழியில் வருவது. விலைக்குக் கிடைப்பதல்ல. ஸ்விட்சர்லாந்தில் இன்றும் பல ஊர்களில் இரண்டு அமைப்புகள் தனித்தனியே உண்டு. அங்கே வசிப்பவர்கள் எல்லோருக்குமான ஊராட்சி ஒன்று, பரம்பரை ஊருரிமை உள்ளவர்களுக்கான சபை இன்னொன்று. காடும் மலையும் பெரும்பாலும் இரண்டாவதன் கையில்.

பெண்கள் நிலைமை இன்னும் விசித்திரம். நிலத்தில் மகளுக்குச் சமபங்கு கொடுத்த அதே வாலிஸில் ஓட்டுரிமை 1970-இல்தான் கொடுத்தார்கள். நாடு முழுவதற்குமான ஓட்டுரிமை 1971-இல். தந்தையிடமிருந்து அவள் வாங்கிய புல்வெளியில் விளைந்த தீனிதான் கோடையில் மலைக்குப் போகும் மாட்டின் எண்ணிக்கையைத் தீர்மானித்தது. ஆனால் அந்த மலைக்கான விதியை ஓட்டுப்போட்டு முடிவுசெய்யும் இடத்தில் அவள் இல்லை. இதில் ஒரு சின்ன ஆறுதல், மூஸ்ஆல்புக்கு அந்தப் பக்கம் உள்ள உன்டர்பெக் கிராமம். 1957 மார்ச் 3 அன்று, பெண்களை ராணுவம் சாராத பாதுகாப்புப் பணிக்குக் கட்டாயமாக்குவது பற்றி நாடு முழுக்க ஆண்கள் மட்டும் வாக்களிக்க இருந்தபோது, எங்கள் ஊரில் பெண்களும் ஓட்டுப் போடுவார்கள் என்று அந்த ஊராட்சி முடிவெடுத்தது. ஊர்த்தலைவரின் மனைவி கத்தரீனா ட்ஸென்ஹாய்சர்ன் முதல் ஆளாகப் போட்டார். மொத்தம் 33 பெண்கள். ஓட்டுகளை அரசாங்கம் கணக்கில் சேர்க்கவில்லை. இருந்தாலும் மலைக்கிராமம் என்றாலே பழமை என்று ஒதுக்குபவர்களுக்கு இந்த ஊரை நினைவுபடுத்தலாம்.

இன்னொரு விலையும் இருந்தது. புல்லுக்கு உச்சவரம்பு வைத்தால் மனிதர்களுக்கும் ஒருவகையில் உச்சவரம்பு வைக்க வேண்டியிருக்கும். டோர்பெலில் அதைச் சட்டமாக எழுதவில்லை, வழக்கமாகவே நடந்தது. தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள். நிறையப் பேர் கல்யாணமே செய்துகொள்ளாமல் அண்ணன் தம்பி வீட்டில் உழைத்தே காலத்தை முடித்தார்கள். நிறையப் பேர் ஊரை விட்டே போனார்கள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கு வந்த பிறகுதான் அதே நிலம் அதிகப் பேருக்குச் சோறு போட்டது, மக்கள்தொகையும் ஏறியது. பதிவேடுகளில் இது வெறும் எண்கள். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் சமையலறை மூலையில் வயதாகிப்போன ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருக்கிறார். மலைப்புல் ஐந்நூறு வருடம் பச்சையாக இருந்ததில் அவர்களுக்கும் பங்குண்டு. நோபல் உரைகளில் அவர்களுக்கு இடமில்லை.

இவ்வளவையும் சொல்வது டோர்பெலைக் குறைத்துப் பேச அல்ல. ஹார்டின் தவறு, ஆஸ்ட்ரோம் சரி. அதில் சந்தேகமில்லை. படிப்பறிவு குறைந்த மலை விவசாயிகள் தங்கள் சொத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று தலைநகரத்தில் உட்கார்ந்து முடிவெடுப்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. அவர்கள் முகத்தில் விட்டெறிய 1483-ஆம் வருடத்துப் பத்திரத்தைவிட நல்ல கல் கிடைக்காது. ஆனால் பொதுச்சொத்தைக் காப்பாற்றுவது பாசத்தால் நடக்கிற வேலை என்று நம்பி, டோர்பெலை அழகான படமாக மாட்டி வைத்தால், நிஜமாகவே ஒரு குளத்தையோ காட்டையோ சேர்ந்து நிர்வகிக்க உட்காரும்போது ஏமாற்றம்தான் மிஞ்சும். யாரை வெளியே நிறுத்துவது, யாருக்கு எவ்வளவு, மீறுபவனிடம் யார் போய்க் கேட்பது என்பதெல்லாம் அங்கே முதல் கூட்டத்திலேயே எழும். டோர்பெல்காரர்கள் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். எல்லாப் பதிலும் இன்று ஏற்கக்கூடியதல்ல. ஆனால் கேள்வியைத் தவிர்க்கவில்லை.

மற்றபடி ஊர் காலத்தோடு மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. 1855 ஜூலை 25 அன்று ஃபிஸ்ப் பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரு பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. கடந்த சில நூற்றாண்டுகளில் ஸ்விட்சர்லாந்து கண்ட மிகப் பெரியவற்றில் ஒன்று. 1891-இல் ரயில் செர்மாட் போய்ச் சேர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லோன்ஸா என்ற ரசாயன நிறுவனம் ஃபிஸ்பில் ஆலை திறந்தது. அதன் பிறகு மலைக்கிராமத்து ஆண்கள் பலர் ஷிப்டு முடித்துவிட்டு வந்து புல் அறுக்கும் தொழிலாளி-விவசாயி ஆனார்கள். 2021-இல் மாடர்னா நிறுவனத்தின் கொரோனா தடுப்பூசிக்கான மூலப்பொருளைத் தயாரித்தது அதே லோன்ஸாவின் ஃபிஸ்ப் ஆலைதான். 2007-இல் புதிய சுரங்கப்பாதை வழியாக ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து ஃபிஸ்பிலிருந்து தலைநகர் பெர்னுக்கு ஒரு மணி நேரம்தான். ரை வயல்கள் அநேகமாக மறைந்துவிட்டன. மாடு வைத்துப் பிழைப்பவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டார்கள். கறுப்பு முகமும் சுருள் கம்பளியுமாக இருக்கும் வாலிஸ் செம்மறிகளைப் பொழுதுபோக்குக்காகவே வளர்ப்பவர்களும் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு.

மலைக்கு மாடு ஓட்டிப்போனால் இப்போது அரசாங்கமே மானியம் தருகிறது. காரணம், ஆல்ப்ஸ் முழுவதும் பிரச்சினை தலைகீழாகிவிட்டது. மேய்க்க ஆளில்லாத சரிவுகளில் முதலில் புதர் ஏறும், பிறகு லார்ச் கன்றுகள் முளைக்கும், இருபது முப்பது வருடத்தில் மேய்ச்சல் நிலம் காடாகிவிடும். கால்வாய்களைப் பராமரிக்கவும் ஆள் குறைவு. அதே சமயம், விடுமுறைக்கு மட்டும் வந்து போகும் நகரத்துக்காரர்கள் இந்த மலைச்சரிவுகளில் வீடு கட்டுகிறார்கள். எந்த ஊரிலும் இப்படிப்பட்ட இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2012 மார்ச்சில் நாடு முழுக்க வாக்கெடுப்பு நடந்தது. நாடு ஏற்றது, வாலிஸ் பெரும்பான்மையாக எதிர்த்தது. வெளியூர்க்காரனுக்குப் புல் கிடையாது என்று 1483-இல் எழுதி வைத்த மாநிலம், வெளியூர்க்காரன் வீடு கட்ட வேண்டும் என்று ஓட்டுப் போட்டது. வேலை தருவது அந்த வீடுகள்தான் என்பது அவர்கள் தரப்பு வாதம், அதையும் தள்ளிவிட முடியாது.

மூஸ்ஆல்ப் இன்றும் கோடையில் பச்சையாகத்தான் இருக்கிறது. 1517 விதி அதிகபட்சம் எத்தனை மாடு என்று சொல்கிறது. குறைந்தபட்சம் எத்தனை வேண்டும் என்ற கேள்வி அதை எழுதியவர்களுக்கு வந்திருக்க வாய்ப்பில்லை. இப்போது ஊர்ச்சபைகள் உட்கார்ந்து பேசுவது அதைத்தான்.